மாடிஃபிகேஷனுக்கு முன்னாடி ரிப்பேர் காசை எடுத்து வைங்க!



போன வாரம் நம்ம சேனல்ல கார் லோன் பற்றி ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு 26 வயசு தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். "சார், தார் 4×4 எடுத்து நாலு மாசம் ஆச்சு. பாறை ஏறணும்னு ஆசை. லிஃப்ட் கிட், பெரிய டயர், பம்பர், வின்ச் எல்லாம் சேர்த்து 4 லட்சம் ஆகும்னு சொல்றாங்க. பர்சனல் லோன் போடலாமா? இல்ல மியூச்சுவல் ஃபண்டை வித்துடலாமா?"

ரெண்டுமே வேண்டாம்னு ஒரே வரியில பதில் எழுதியிருக்கலாம். ஆனா கை ஓடல. ஏன்னா இதே கேள்வியை 2022-ல் நான் என்கிட்டயே கேட்டுக்கிட்டேன். ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் சொல்லக் கூடாத பதிலையும் நானே சொல்லிக்கிட்டேன். அந்தக் கதையை இதுவரைக்கும் வீடியோவில் சொன்னதில்லை. இன்னைக்குச் சொல்லிடறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே தெளிவாகச் சொல்லிடறேன். "அந்தக் காசை எஸ்ஐபி-ல போட்டா 20 வருஷத்துல எவ்வளவு ஆகும் தெரியுமா?"னு நான் பயமுறுத்தப் போறதில்லை. சம்பாதிக்கிறது எல்லாமே சேர்த்து வைக்கத்தான்னா வாழறது எப்போ? மலையில, பாறையில வண்டி ஓட்டற சந்தோஷம் எனக்கும் தெரியும், இன்னைக்கும் ஓட்டறேன். என் சண்டை செலவோட இல்ல, செலவு பண்ற வரிசையோட.

என் பில்லைப் பாருங்க

2022 கடைசியில் என் தாருக்கு நான் செஞ்ச செலவு இது:

- ஆல் டெரெய்ன் டயர் 5 (ஸ்டெப்னி சேர்த்து): ₹85,000
- 2 இன்ச் லிஃப்ட் கிட், ஷாக் அப்சார்பரோட: ₹95,000
- அப்பர் கன்ட்ரோல் ஆர்ம்: ₹30,000
- ஸ்டீல் பம்பர்: ₹45,000
- ராக் ஸ்லைடர்: ₹28,000
- வின்ச்: ₹55,000
- எல்இடி லைட், வயரிங்: ₹18,000
- லேபர், அலைன்மென்ட்: ₹24,000

மொத்தம் ₹3,80,000. இதுல ₹1,80,000 என் எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்து போச்சு. மீதி ₹2,00,000 பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம். மாச இஎம்ஐ சுமார் ₹6,835. மூணு வருஷத்துல வட்டி மட்டும் ₹46,000 கிட்ட.

இந்த லிஸ்ட்டை இன்னொரு தடவை படிங்க. வண்டிக்கு அடியில போடற கனமான ஸ்கிட் பிளேட் இதுல இல்ல. பாறை மேல போற வண்டிக்கு முதல்ல அடி வாங்கற இடம் வயிறுதான். ஆனா வயிறு ஃபோட்டோவில் தெரியாதே! கண்ணுக்குத் தெரியற எல்லாத்தையும் வாங்கினேன், தெரியாததை விட்டுட்டேன்.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

2023 ஆரம்பத்துல, கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் நிலம். உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் நாலு வண்டியா போனோம். கருங்கல் பாறை, நடுவுல ஒரு இடுப்பளவு படி. இடது முன் சக்கரம் அந்தரத்துல தூக்கிக்கிச்சு. அந்த இடத்துல நான் செய்ய வேண்டியது காலை எடுத்துட்டு, பின்னாடி இறங்கி, வேற கோணத்துல ஏறறது. நான் செஞ்சது ஆக்சிலரேட்டரை அமுக்கினது.

காத்துல வேகமா சுத்தின சக்கரம், திடீர்னு பாறையைத் தொட்டதும் கப்புனு பிடிச்சிருச்சு. சுத்தற வேகம் மொத்தமும் ஒரே நொடியில ஷாஃப்ட் மேல இறங்கிச்சு. "டக்"னு ஒரு சத்தம். சிவி ஜாயின்ட் போச்சு. வண்டி சரிஞ்சு உட்கார்ந்ததுல முன் டிஃபரன்ஷியல் கூடு பாறையில மோதி விரிசல் விட்டு, ஆயில் ஒழுக ஆரம்பிச்சுது. பக்கத்துல இருந்த கூர்மையான கல், டயரோட பக்கச் சுவரைக் கிழிச்சிருச்சு.

மெக்கானிக் அண்ணன் அப்புறம் விளக்கினார். "வண்டியைத் தூக்கினா ஷாஃப்ட் நேரா இருக்காது சார், கோணம் அதிகமாயிடும். ஏற்கெனவே வளைஞ்ச கையில பாரம் தூக்கற மாதிரி. அதுமேல பெரிய டயர் வேற போட்டிருக்கீங்க. சக்கரம் பெருசானா ஷாஃப்டுக்கு இழுவை அதிகம்." அதாவது நான் காசு கொடுத்து வாங்கின லிஃப்டும் டயரும், என் வண்டியோட பலவீனமான இடத்தை இன்னும் பலவீனமாக்கியிருக்கு.

பில்: டோயிங் ₹11,000, ஆக்ஸில் ஷாஃப்ட் ₹22,000, டிஃபரன்ஷியல் வேலை ₹64,000, டயர் ₹17,000, புஷ், அலைன்மென்ட் வகையறா ₹14,000. மொத்தம் ₹1,28,000.

இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போட்டேன். சர்வேயர் வந்தார், பார்த்தார், ஃபோட்டோ எடுத்தார். ஷாஃப்ட் உடைஞ்சது மெக்கானிக்கல் பிரேக்டவுன், அது பாலிசியில் கிடையாது. விரிசல் விபத்துக் கணக்குல வந்திருக்கலாம், ஆனா லிஃப்ட் கிட்டும் பம்பரும் போட்டதை நான் அவங்களுக்குச் சொல்லவே இல்ல. கிளெய்ம் நிராகரிப்பு. சர்வீஸ் சென்டர்ல வாரன்டி கேட்டேன், சஸ்பென்ஷனை மாத்தினதால அதுவும் இல்லைன்னுட்டாங்க. யார் மேலயும் எனக்குக் கோபம் இல்ல. ஊர் உலகத்துக்கெல்லாம் "பாலிசியைப் படிங்க"னு சொல்றவன் தன்னோட பாலிசியைப் படிக்கல, அவ்வளவுதான்.

இதுவரைக்கும் காசு கதை. இதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

அந்த மாசம்தான் திண்டுக்கல்ல இருக்கற அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் வைச்சிருந்தோம். அவங்க ஹெல்த் பாலிசியில் கண்புரைக்கு 2 வருஷம் காத்திருப்புக் காலம், இன்னும் முடியல. கைக்காசுதான் போடணும். எமர்ஜென்சி ஃபண்ட் லிஃப்ட் கிட்டா மாறி வாசல்ல நிக்குது. நான் டோயிங் ஆளுங்ககிட்ட போன்ல பேசினது அம்மா காதுல விழுந்திருக்கு. மறுநாள் அவங்களே சொன்னாங்க: "எனக்கு ஒண்ணும் அவசரமில்லப்பா. நீ வண்டியைப் பாரு. ஆடி போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த சில மாசம் அம்மா டிவி சீரியலைக் காதால கேட்டுட்டு இருந்தாங்க.

அந்தத் தம்பிக்கு ஒரே வரியில பதில் எழுத முடியாம போனதுக்குக் காரணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்லுது?

ரொம்பப் பேர் "எல்லாரும் பண்றாங்களே"னு கேட்பீங்க. எல்லாரும் பண்றதால சட்டம் மாறிடாது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, தயாரிப்பாளர் முதல்ல குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்சி-யில இருக்கற விவரங்கள் மாறும்படி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிடுச்சு. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துல பிரிவு 182ஏ மாத்தி எழுதப்பட்டுச்சு. அனுமதி இல்லாம மாத்தினா வண்டி உரிமையாளருக்கு 6 மாசம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், அல்லது ரெண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்"ங்கறதைக் கவனிங்க. முன்னாடி மாட்டற புல் பார், கிராஷ் கார்டு மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கு. கூடுதல் இரும்பு, மோதும்போது ஏர்பேக் சென்சாரோட வேலையையும் குழப்பலாம்.

அதனால எதை மாட்டறதுக்கு முன்னாடியும், உங்க வண்டிக்குக் கம்பெனி அங்கீகரிச்ச அளவும் பாகமும் எதுன்னு கேளுங்க, ஆர்டிஓ ஆபீஸ்லயும் கேட்டுக்குங்க. அப்புறம், ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள அனுமதி இல்லாம வண்டியை விடறது சாகசம் இல்ல, குற்றம்.

இன்ஷூரன்ஸ்ல நாலு விஷயம்

1. வண்டியில எதைச் சேர்த்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லுங்க. எலக்ட்ரிக்கல் அக்சஸரிக்கு அதோட மதிப்புல 4% கூடுதல் பிரீமியம்னு ஒரு வழக்கம் ரொம்ப நாளா இருக்கு. ₹18,000 லைட்டுக்கு ₹720. இதைக் கட்டாம விட்டுட்டு அப்புறம் புலம்பக் கூடாது.

2. டயர் மட்டும் தனியா கிழிஞ்சா சாதாரண பாலிசியில் காசு வராது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டாத்தான் வரும், அதுவும் பாதி. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் 50% தேய்மானம் கழிப்பாங்க. ஆஃப்ரோடுல முதல்ல உடையறது இந்த ரெண்டும்தான்!

3. தேய்மானம், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன், அடிபட்ட பிறகும் ஓட்டினதால வந்த சேதம், எதுவுமே சாதாரண பாலிசியில் வராது. ஆயில் ஒழுகுதுன்னு தெரிஞ்சும் "ரோடு வரைக்கும் ஓட்டிடலாம்"னு போனா, அந்தச் செலவு உங்களோடது.

4. போட்டி, ஸ்பீடு டெஸ்ட், ரிலையபிலிட்டி டிரையல் எல்லாம் தனியார் கார் பாலிசிக்கு வெளியே. போட்டியில கலந்துக்கப் போறீங்கன்னா முன்னாடியே கேட்டுக்குங்க.

வரிக் கணக்குல ஏதாவது மிச்சமாகுமா?

சம்பளக்காரங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. சொந்த உபயோகத்துக்கு வாங்கின வண்டி லோன் வட்டிக்கோ, மாடிஃபிகேஷன் பில்லுக்கோ சம்பள வருமானத்துல கழிவு கிடையாது. வண்டியை நஷ்டத்துல வித்தா, அது தனிப்பட்ட உபயோகப் பொருள்ங்கறதால அந்த நஷ்டத்தை எதுலயும் கழிக்க முடியாது. ஒண்ணே ஒண்ணு இருக்கு: ₹10 லட்சத்துக்கு மேல விலையுள்ள வண்டிக்கு டீலர் 1% டிசிஎஸ் வசூலிச்சிருப்பார். அது உங்க காசு. ரிட்டர்ன்ல மறக்காம எடுத்துக்குங்க. இதை விட்டுட்டவங்களை வருஷா வருஷம் பார்க்கறேன்.

ரீசேல்? நான் ₹55,000-க்கு வாங்கின வின்ச்சை ₹30,000-க்கு வித்தேன். அது வரைக்கும் அதோட கயிறு ஒரு தடவைகூட வெளியே வந்ததில்லை.

சரி, எந்த வரிசையில செலவு பண்றது?

இது என் அனுபவத்துல நான் போட்டுக்கிட்ட வரிசை.

முதல்ல: ரிப்பேர் ஃபண்ட். எமர்ஜென்சி ஃபண்ட் வேற, இது வேற. மாடிஃபிகேஷனுக்கு ஒரு ரூபாய் செலவு பண்ணணும்னா, ரிப்பேர் கணக்குல 50 பைசா ஏற்கெனவே இருக்கணும். அது இல்லைன்னா அந்த மாடிஃபிகேஷன் உங்களுக்கு இன்னும் கட்டுப்படி ஆகலைன்னு அர்த்தம்.

ரெண்டாவது: ஆறு மாசம் வண்டியை அப்படியே ஓட்டுங்க. தாருக்குக் கம்பெனியிலேயே 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கு. ஜிம்னிக்கு 210, அதோட முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில். கூர்க்காவுல முன், பின் ரெண்டு டிஃபரன்ஷியலுக்கும் லாக் கம்பெனியிலேயே வருது. ஷோரூம்ல இருந்து வர்ற வண்டியோட எல்லையை நம்மில் பல பேர் தொட்டதே இல்ல. லோ ரேஞ்ச்ல, ஆக்சிலரேட்டரைத் தொடாம, சக்கரத்தைக் கல் மேல வைக்கப் பழகுங்க. கல்லை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விடறதைவிட, டயரை அது மேல ஏத்தறதுதான் வண்டியோட வயித்துக்கு நல்லது. இறங்கிப் பார்த்து வழி காட்ட ஒரு ஆள் வேணும். இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது.

மூணாவது: காத்து. பிரஷர் கேஜ், காத்து இறக்கற டிஃப்ளேட்டர், சின்ன கம்ப்ரஸர். எல்லாம் சேர்த்து சில ஆயிரங்கள்தான். பாறையில 18-20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினா டயர் அகலமா படிஞ்சு கல்லைக் கவ்விப் பிடிக்கும். ரொம்ப இறக்கினா டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துடும், அதனால அளவோட. தார் ரோட்டுக்குத் திரும்பறதுக்கு முன்னாடி காத்தை நிரப்பிடணும். என் ₹95,000 லிஃப்ட் கிட்டைவிட இந்தச் சின்னப் பை எனக்கு அதிகம் உதவியிருக்கு.

நாலாவது: மீட்புச் சாமான். எடை ஏற்ற தரமான ஷாக்கிள், கைனடிக் ரோப், கையுறை. கயிறை வண்டியோட சரியான ரெக்கவரி பாயின்ட்ல மட்டும் மாட்டுங்க. டோ பால்ல மாட்டவே மாட்டாதீங்க. அது பிச்சுக்கிட்டு வந்தா பீரங்கிக் குண்டு மாதிரி. இது காசு சமாச்சாரம் இல்ல, உயிர்.

அஞ்சாவது: டயர். அங்கீகரிச்ச அளவுல நல்ல ஆல் டெரெய்ன். திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போற வண்டிக்கு மட் டெரெய்ன் வேண்டாம். சத்தம் போடும், சீக்கிரம் தேயும், மைலேஜும் இறங்கும். அளவைப் பெருசாக்கினா ஸ்பீடோமீட்டர் கம்மியா காட்டும், பிரேக்குக்கும் பாரம் கூடும்.

ஆறாவது: வயித்துக்குக் கவசம். ஸ்கிட் பிளேட். ஃபோட்டோவுல தெரியாது, பரவாயில்ல.

கடைசியா: லிஃப்ட். அஞ்சு, ஆறு டிரிப் போய், வண்டி எங்கே இடிக்குதுன்னு கண்ணால பார்த்து, சட்டப்படி முடியுமான்னு கேட்ட பிறகு. பெரும்பாலான பேருக்கு இந்தப் படி வரவே வேண்டியதில்ல.

ரிப்பேர்லயும் கூட்டு வட்டி உண்டு

டிரிப் முடிஞ்ச மறுநாள் அரை மணி நேரம் ஒதுக்குங்க. வண்டிக்கு அடியில தண்ணி அடிச்சுக் கழுவிட்டுப் பாருங்க. சிவி ஜாயின்ட் மேல இருக்கற ரப்பர் பூட் கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கா? டயரோட உள்பக்கச் சுவர்ல வெட்டு இருக்கா? ரிம் வளைஞ்சிருக்கா? டை ராட் எண்ட், புஷ் எதுவும் ஆடுதா? தண்ணியில இறங்கியிருந்தா, டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. பால் கலந்த டீ நிறத்துல இருந்தா உள்ளே தண்ணி போயிருக்கு, உடனே மாத்துங்க. பிரேக் பேடுல சேறு, ரேடியேட்டர்ல மண் அடைச்சிருந்தா சுத்தம் பண்ணுங்க.

கிழிஞ்ச பூட்டை இன்னைக்கே மாத்தினா ஓரிரண்டு ஆயிரத்துல முடியும். விட்டா மண் உள்ளே போய் ஜாயின்ட்டையே அரைச்சிடும், எனக்கு ஆன ₹22,000 ஞாபகம் இருக்கா? கிரெடிட் கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு இருக்கற மாதிரிதான் இது.

கொழுக்குமலையில் கத்துக்கிட்டது

போன டிசம்பர்ல குடும்பத்தோட சூரியநெல்லி போய், அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்ல ஏறினோம். போனவங்களுக்குத் தெரியும், அது ரோடே இல்ல, கல்லுக்குவியல். சுமார் ஒன்றரை மணி நேரம் குடலைக் குலுக்கி எடுத்துடும். டிரைவர் அண்ணனோட பழைய மஹிந்திரா ஜீப்புல லிஃப்டும் இல்ல, வின்ச்சும் இல்ல. ஒரு கையால ஸ்டியரிங், கால் ஆக்சிலரேட்டர் மேல இருக்கா இல்லையான்னே தெரியல. வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து ஏறிடுச்சு.

"என்னண்ணே மாத்தியிருக்கீங்க வண்டியில?"னு கேட்டேன்.

"பின்னாடி ஒரு ப்ளேட் சேத்திருக்கேன் சார். வேற என்ன?"

"ரிப்பேர் வராதா?"

"வராம இருக்குமா? டிரிப்புக்கு 200 ரூபா தனியா எடுத்து வெச்சுடுவேன். அதைத் தொட மாட்டேன். வண்டி கேக்கறப்ப அதுக்குக் குடுக்கணும்ல."

சிஏ படிச்சு முடிக்க எனக்கு எவ்வளவு வருஷம் ஆச்சுன்னு அப்போ நினைச்சுக்கிட்டேன். நாங்க புத்தகத்துல சிங்கிங் ஃபண்ட்னு படிக்கறதை, அவர் ஒரு சட்டைப் பையில வெச்சிருக்கார்.

அந்தத் தம்பிக்கு என் பதில்

தம்பி, லோன் வேண்டாம், ஃபண்டையும் தொடாதீங்க. கையில வர்ற சம்பளம் ₹70,000-னு வைச்சுக்குவோம். மாசம் ₹5,000 வண்டிக்குன்னு ஒதுக்குங்க. ₹3,000 ரிப்பேர் கணக்கு, ₹2,000 மாடிஃபிகேஷன் கணக்கு. ரெண்டு வருஷத்துல ரிப்பேருக்கு ₹72,000, ஆசைக்கு ₹48,000 சேர்ந்திருக்கும். அதுக்குள்ள நிறைய ஓட்டியிருப்பீங்க, வண்டிக்கு நிஜமா என்ன வேணும்னு வண்டியே சொல்லியிருக்கும்.

எதை வாங்கறதுக்கு முன்னாடியும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: "இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி உடைஞ்சா, திங்கட்கிழமை வீட்டுல யாரோட தேவை தள்ளிப் போகும்?" யாரோடதும் இல்லைன்னு பதில் வந்தா, தாராளமா பாறை ஏறுங்க.

அம்மாவுக்கு அந்த வருஷம் ஆவணியில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இப்போ நான் பாறைப் பக்கம் கிளம்பினா, "ரிப்பேர் காசு எடுத்து வெச்சுட்டியா?"னு அவங்கதான் முதல்ல கேட்கறாங்க.

உங்க வண்டிக்கு நீங்க பண்ணின செலவுல எது உபயோகமா இருந்துச்சு, எது வீணாச்சு? கீழே எழுதுங்க. அடுத்த வீடியோவுல பேசுவோம்.